மலையிலிருந்து கடல்வரை ஒரே ரோடு: வளர்ந்த பிள்ளைகளோடு ஏழு நாள் பயணம்

எங்கள் பக்கம் குடும்பப் பயணம் என்றால் ஒரு வேன், பதினைந்து பேர், பின் சீட்டில் சோற்றுப் பானை, போகிற இடம் கதிர்காமம். சின்னப் பிள்ளைகளுக்கு அது திருவிழா. பதினாலு, பதினேழு வயதுக்காரர்களுக்கு அப்படியில்லை. காதில் வயரைச் சொருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வருவார்கள், அதே முகத்தோடு திரும்புவார்கள். "அம்மா, இந்த வருசம் நான் வீட்டிலயே இருக்கட்டுமா?" என்று மகள் கேட்ட அன்றுதான் நான் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தேன்.

அப்புத்தளைக்குக் கீழே பெரகலைச் சந்தியில் ஏ4 பெருந்தெரு வருகிறது. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பெரகலை, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று ஓடி மட்டக்களப்பில் முடிகிற ரோடு அது. அப்புத்தளையிலிருந்து பொத்துவிலுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அந்தத் துண்டுக்குள்ளேயே தேயிலை மலை, அருவி, ஆயிரம் வருடப் பழைய கற்சிலைகள், யானைக் காடு, கடைசியில் அலைச்சறுக்கு விளையாடுகிற கடல் எல்லாம் இருக்கின்றன. தீவைச் சுற்ற வேண்டியதே இல்லை, இறங்கினால் போதும்.

நாங்கள் போனது ஹட்டனிலிருந்து, ஏழு நாள், ஆறு இரவு. அப்புத்தளையில் இரண்டு இரவு, வெல்லவாயவில் ஒன்று, பொத்துவிலுக்குப் பக்கத்திலுள்ள அறுகம்குடாவில் மூன்று. வேறு ஊரிலிருந்து வருபவர்கள் அப்புத்தளையில் வந்து சேர்ந்துகொண்டால் சரி.

எந்த மாதம்

ஆகஸ்ட். பள்ளி விடுமுறை வருடத்துக்கு வருடம் முன்பின் நகர்ந்தாலும் மே கடைசி முதல் செப்டெம்பர் வரை இந்த வழிக்கு நல்ல காலம். தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைத்துவிட்டு, மலைத்தொடரைத் தாண்டும்போது காய்ந்துவிடும். ஊவா மாகாணமும் கிழக்குக் கரையும் அந்த மாதங்களில் வெயில் காயும். டிசம்பரில் நிலைமை தலைகீழ். கிழக்கில் மழை, கடல் கொந்தளிப்பு, அறுகம்குடாவில் தங்குமிடங்கள் பாதி பூட்டியிருக்கும். டிசம்பர் லீவில்தான் போக முடியும் என்பவர்கள் தெற்குக் கரையைப் பார்க்கலாம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்

முதல் வேலை நீச்சல். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் கடலே தெரிந்தது. நமக்கு வழுக்குப் பாறை தெரியும், பனி தெரியும், அட்டை தெரியும். கடலும் வெயிலும் யானையும் தெரியாது. நீச்சல் தடாகம் இருக்கிற ஊருக்கு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். நீந்த வராவிட்டாலும் பயப்படாமல் மல்லாந்து மிதக்கவாவது பழகட்டும். கடலில் அவர்களைக் காப்பாற்றப்போவது பெரும்பாலும் அந்த ஒரு வித்தைதான்.

இரண்டாவது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது. பயணத்தை நாமே திட்டமிட்டு, நாமே ஓட்டி, "பார், எவ்வளவு அழகு" என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் இந்த வயதுப் பிள்ளைகள் வேனிலிருந்து இறங்க மாட்டார்கள். மகளிடம் இடிபாடுகளைக் கொடுத்தேன். ஒவ்வொரு இடத்தின் கதையையும் படித்து வந்து எங்களுக்கு அவள்தான் வழிகாட்டி. மகனிடம் காசுப் புத்தகம். மூன்றாம் நாளே அவன் "அம்மா, பிளேன்டீக்கு மட்டும் இவ்வளவு போயிருக்கு" என்று கணக்குக் காட்டினான். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மூன்றாவது, டிக்கெட். பதுளை ரயிலில் ஆசனம் பதிவு செய்ய வேண்டுமென்றால் பதிவு திறக்கிற நாளிலேயே பாருங்கள், விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் முடிந்துவிடும். 2025 நவம்பர் திட்வா புயலில் மலைநாட்டு ரயில்பாதை பல இடங்களில் சிதைந்தது. அதனால் ரயில் எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டே திட்டம் போடுங்கள். ரயில் இல்லையென்றால் நுவரெலியா, வெலிமடை வழியாக பஸ்ஸில் அப்புத்தளை போகலாம்.

வேனை அப்புத்தளையிலேயே பேசிக்கொள்வது நல்லது. அந்த இறக்கத்தில் தினமும் ஓட்டுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். டிரைவருக்குப் படுக்கையும் சாப்பாடும் யார் பொறுப்பு, மாலை ஆறுக்குப் பிறகு ஓட்டச் சொல்ல மாட்டோம், இந்த இரண்டையும் வாய்விட்டுப் பேசி முடியுங்கள். செலவில் பெரியவை வேனும், காட்டுக்குள் போகிற ஜீப்பும்தான். இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போனால் பாதியாகும், பிள்ளைகளுக்கும் துணை. தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். காட்டு நுழைவுச் சீட்டில் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பலமடங்கு. கனடாச் சித்தி குடும்பமும் கூட வந்தால் அதை முன்பே சொல்லிவிடுங்கள்.

பைக்குள் என்ன என்று நீளமாக எழுதப் போவதில்லை. இரண்டு நாளுக்கு ஜம்பர், மற்ற நாட்களுக்கு மெல்லிய பருத்திச் சட்டை. நல்ல பிடிமானமுள்ள சப்பாத்து. கோவில், விகாரைக்குத் தோளும் முழங்காலும் மறைகிற உடை ஒன்று. தொப்பி, வெயில் கிரீம், நுளம்புக்கான களிம்பு. வறண்ட காட்டில் அட்டைக்குப் பதிலாக உண்ணி இருக்கும், இரவில் காது மடலுக்குப் பின்னால், காலுறை ஓரத்தில் தேடிப் பாருங்கள். பெண் பிள்ளைகளின் மாத நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்குகிற நாளும் கோவில் நாளும் அதில் மாட்டிக்கொண்டால் அவர்களுக்குத்தான் ஏமாற்றம்.

முதல் இரண்டு நாள்: ரயிலும் அப்புத்தளையும்

ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். மலைநாட்டுப் பாதையில் நீளமானது அதுதான், அரைக் கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகள் கூச்சல் போடட்டும், எல்லோரும் போடுவார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பட்டிப்பொல. சுமார் 1,890 மீட்டர் உயரம், தீவிலேயே உயரமான ரயில் நிலையம். அதைத் தாண்டி ஒஹியாவுக்குப் போகும் வழியில் ஒரு சுரங்கம் வருகிறது. மத்திய மாகாணத்தில் நுழைந்து ஊவாவில் வெளியே வருவோம். பல நாட்களில் இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில். பருவக்காற்றைப் பற்றி ஓ.எல். புத்தகத்தில் நாலு பக்கம் படித்த மகனுக்கு அந்த ஒரு நிமிடத்தில்தான் விளங்கியது.

கதவில் தொங்கிப் படம் எடுக்க விடாதீர்கள். இதில் மட்டும் நான் கண்டிப்பு.

இரண்டாம் நாள் விடியுமுன் எழுந்து லிப்டன் சீட் என்கிற மலைக் காட்சி முனை. தம்பேத்தன்ன தேயிலைத் தொழிற்சாலை 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அங்கிருந்து மேலே 7 கிலோமீட்டர். ஏறுவதற்குத் திரீவீல் பிடித்து, இறங்கும்போது நடப்பது எங்கள் வழி. ஒன்பது மணிக்குள் பனி மூடிவிடும், அதனால் ஐந்தரைக்கெல்லாம் கிளம்பியிருக்க வேண்டும். காட்சி அழகுதான். ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கொழுந்து மலை புதிதல்ல. இறங்குகிற வழியில் லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைக் கடக்கும்போது, அவர்களுடைய பாட்டி எந்தத் தோட்டத்தில், எத்தனை கிலோவுக்கு எவ்வளவு சம்பளம் வாங்கினார் என்று பேசிக்கொண்டு நடந்தோம். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் கொழுந்து எடுக்கிற அக்காமாரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் ஒன்றும் சொல்லாமல் அலைபேசியைப் பையில் போட்டுக்கொண்டாள். மத்தியானம் தூங்குங்கள். அடுத்த நாள் பெரிய நாள்.

மூன்றாம் நாள்: இறக்கம்

காலை ஏழு மணிக்கு வேன். பெரகலையில் திரும்பியதும் வளைவுகள் ஆரம்பிக்கும். வயிறு புரட்டுகிறவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, காலையில் இரண்டு பிஸ்கட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். கொஸ்லந்தைக்கு மேலேதான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மண்சரிவு லயங்களை மூடிய இடம். வேனில் அந்தக் கதையைச் சொன்னேன். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை அது.

அதற்கு அடுத்து தியலும அருவி. 220 மீட்டர், தீவில் இரண்டாவது உயரம். முதலிடம் பம்பரகந்தைக்கு, 263 மீட்டர். ரோட்டில் நின்று கீழிருந்து பார்ப்பதோடு முக்கால்வாசிப் பேர் போய்விடுவார்கள். பிள்ளைகளோடு போனால் மேலே போங்கள். உச்சியில் பாறைக்குள் குளம் குளமாகத் தண்ணீர் தேங்கி நிற்கும். பூனாகலை ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒற்றையடிப் பாதை இருக்கிறது, கீழிருந்து ஏறுவதைவிட அது சுலபம். எந்தப் பக்கம் போனாலும் ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மானாப் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கும், பாதை பிரியும்.

மேலே போனபின் மூன்று விதி. விளிம்பிலிருந்து தள்ளியிருக்கிற குளத்தில்தான் குளிப்பது. பாசி பிடித்த பாறையில் செருப்போடு நடக்கக் கூடாது. தூரத்து மலையில் மழை கறுத்தாலோ தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ அந்த நொடியே வெளியே வருவது. இங்கே வழுக்கி விழுந்து உயிர்விட்டவர்கள் உண்டு. என் மகன் முதல் விதியை மதித்தான், இரண்டாவதை மதிக்கவில்லை. குளத்துக்குள்தான் விழுந்தான் என்பதால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று.

வெல்லவாயவுக்கு வந்ததும் காது அடைப்பு திறக்கும், ஜம்பர் கழரும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு வெயில் சாயும்வரை இருந்துவிட்டு, நாலு மணிக்கு புதுருவகல போனோம். திஸ்ஸமஹாராம ரோட்டில் கொஞ்ச தூரம் போய், பலகையைப் பார்த்து உள்ளே திரும்ப வேண்டும். வழியில் ஒரு குளம். அதற்கப்பால் காட்டுக்குள் யானை படுத்திருப்பதுபோல் ஒரு பாறை, அதில் ஏழு உருவங்கள். நடுவில் நிற்கிற புத்தர் 51 அடி. பத்தாம் நூற்றாண்டை ஒட்டியவை என்கிறார்கள். தேரவாத பௌத்தம் ஆண்ட நாட்டில் இவை மகாயானச் சிலைகள் என்பதுதான் விசேஷம். அவலோகிதேசுவரர், பக்கத்தில் தாரா தேவி, மறுபக்கம் வச்சிராயுதம் பிடித்த வச்சிரபாணி. அவலோகிதேசுவரர் மேல் வெள்ளைச் சாந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மகள் கை நீட்டி ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினாள். புத்தரின் காலடிப் பக்கம் விளக்குச் சுடர் வடிவில் ஒரு குழி இருக்கும். அதில் விரல் வைத்தால் கடுகெண்ணெய் மணம் என்று ஊரார் சொல்வார்கள். மகனுக்கு மணந்தது, எனக்கு மணக்கவில்லை. அந்தச் சண்டை இரவுச் சாப்பாடுவரை ஓடியது.

சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்க வேண்டாம். பெரிய பிரச்சினையாகிவிடும்.

நான்காம் நாள்: இடிபாடுகள், பிறகு இருட்டுவதற்குள் காடு

இந்த நாளை நேரம் பார்த்து நடத்த வேண்டும். காலையில் புத்தல பக்கம் யுதகனாவ. பண்டைய அரசன் துட்டகைமுனுவும் தம்பி சத்தாதிஸ்ஸனும் சண்டை போட்ட களம் என்று மரபு. மேலே ஒன்றும் எழும்பாத, மலைபோல் பரந்த தாதுகோபுர அடித்தளம் மட்டும் நிற்கிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்றால் கதை சொல்ல நல்ல இடம்.

அங்கிருந்து ஒக்கம்பிட்டிய வழியாக மாளிகாவில. வழியில் மாணிக்கக் குழிகள் தெரியும். மாளிகாவில காட்டுக்குள் ஒரே சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர், 11 மீட்டருக்கு மேல். ஏழாம் நூற்றாண்டு. புதையல் தேடிகள் உடைத்துப்போட்டுத் துண்டு துண்டாகக் கிடந்ததைச் சேர்த்து 1991இல் நிமிர்த்தினார்கள். கொஞ்சம் தள்ளி தம்பேகொட போதிசத்துவரும் அப்படி ஒட்டி நிமிர்த்தியவர்தான். உடலில் ஒட்டுப் போட்ட கோடுகள் தெரிகின்றன. சீகிரியாபோல் கூட்டம் இல்லை, நாங்கள் போனபோது எங்களையும் ஒரு குரங்குக் கூட்டத்தையும் தவிர யாரும் இல்லை. வரிசையில் நின்று வியர்த்துப் பார்க்கிற இடிபாட்டைவிட இதுதான் பிள்ளைகள் மனதில் நின்றது என்பது என் அபிப்பிராயம்.

ரோட்டோரக் கடையில் சட்டி எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மொனராகலையில் மத்தியானச் சோறு. அங்கே பெட்ரோல் நிரப்பி, வங்கி இயந்திரத்தில் காசு எடுத்துவிடுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியும் அங்கே இருக்கிறது. பொத்துவிலிலும் ஆதார வைத்தியசாலை உண்டு. எங்கே இருந்தாலும் 1990 அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

சியம்பலாண்டுவ தாண்டினால் ரோட்டின் இரு பக்கமும் காடு. லகுகலைக் குளத்தில் வறட்சிக் காலத்தில் புல் தின்ன யானைகள் கூட்டமாக வரும். ரோட்டிலிருந்தே தெரியும். அதற்கு அருகே மகுல் மகா விகாரை. அரசன் காவந்தீசன் விகாரமகாதேவியை மணந்த இடம் என்பது ஐதீகம். படிக்கல்லின் கீழே சந்திரவட்டக்கல்லை, அரைவட்டமாகச் செதுக்கிய கல்லைத் தேடிப் பாருங்கள். பல ஊர்ச் சந்திரவட்டக்கல்லிலும் யானை இருக்கும், இங்கே யானைமேல் ஆள் இருக்கிறார். இதைக் கண்டுபிடிக்கும்படி பிள்ளைகளிடம் சவால் விடுங்கள், நாமே காட்டக் கூடாது.

பொத்துவில் கடற்கரையில் முகுது மகா விகாரை என்று இன்னொரு இடிபாடு. தகப்பன் களனி அரசன் தன் குற்றத்துக்குப் பரிகாரமாகக் கடலில் விட்ட இளவரசி விகாரமகாதேவியின் படகு அங்கேதான் ஒதுங்கியது என்பார்கள். தெற்கே கிரிந்தவும் அதே பெருமையைக் கேட்கிறது. சரி, இளவரசிக்கும் என் மகள் வயதுதான் இருந்திருக்கும். "அப்பா செஞ்ச தப்புக்கு பிள்ளைய ஏன் கடல்ல விடணும்?" என்று அவள் கேட்டாள். பதில் சொல்லவில்லை, என்னிடம் இருக்கவும் இல்லை.

ஐந்தரைக்குள் லகுகலையைத் தாண்டிவிடுங்கள். நாங்கள் மாளிகாவிலவில் நேரத்தை விட்டுவிட்டு மங்கல் வெளிச்சத்தில் வந்தோம். வளைவில் ஒற்றைக் கொம்பன் ரோட்டின் நடுவில் நின்றது. டிரைவர் தம்பி ஹோர்ன் அடிக்கவில்லை. தூரத்திலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, மெதுவாகப் பின்னால் எடுத்தார். இருபது நிமிடம் யாரும் பேசவில்லை. யானை தானாகக் காட்டுக்குள் இறங்கிற்று. அதற்குச் சாப்பாடு எறிகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்யாதீர்கள். அந்தப் பழக்கத்தால்தான் யானை அடுத்த வண்டியை மறிக்கிறது.

ஐந்தாம் நாள்: கடல்

அறுகம்குடாவை ஊரார் உல்லை என்பார்கள். சுற்றிவர நம் மொழிதான், பொத்துவில் முஸ்லிம் மக்களின் தமிழ் கேட்கக் கேட்க இனிமை. உல்லை மெயின் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகள் வெள்ளைக்கார விலை. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பொத்துவில் டவுனுக்குப் போனால் மீன் சோறும் கொத்தும் நம் விலைக்குக் கிடைக்கும்.

அலைச்சறுக்குப் பாடம் காலையில் எடுங்கள், பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பும். பெரிய அலை வருகிற மெயின் பொயின்ட் அனுபவசாலிகளுக்கு, கீழே பவளப்பாறை. புதியவர்களுக்கு பேபி பொயின்ட். பயிற்சியாளர் மென்மையான பலகைதான் தருகிறாரா, ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார், நீந்தத் தெரியாத பிள்ளையை இடுப்பளவு நீரிலேயே வைத்திருப்பாரா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குச் சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள். எங்களுக்கு வந்த பொத்துவில் பொடியன் "அன்ட்டி, நீங்க கரைல நில்லுங்க, நான் பார்த்துக்கிறன்" என்று சொல்லிவிட்டு, மகனை முதல் அரை மணி நேரம் மணலிலேயே எழும்பப் பழக்கினான். நல்ல வாத்தியார் என்பதற்கு அதுதான் அடையாளம். வெயிலில் முதுகு வெந்துபோகும், கை நீளமான சட்டையோடு இறக்குங்கள்.

குளிப்பது குடாவுக்குள் மட்டும், ஆட்கள் குளிக்கிற இடத்தில், உயிர்காப்பாளர் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில். அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற கீற்று பல சமயம் உள்ளே இழுக்கிற நீரோட்டமாக இருக்கும். இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டக் கூடாது. மிதந்துகொண்டே கரைக்குப் பக்கவாட்டாகப் போய், இழுவை விட்டதும் திரும்ப வேண்டும். மணலில் குச்சியால் கோடு போட்டு இதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

மாலையில் பொத்துவில் களப்பில் படகு. மீனவர்களே கண்டல் காட்டுக்குள் கூட்டிப்போவார்கள், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். முதலை, நீர்க்காகம், சில நாள் கரையில் யானை. படகுக்கு வெளியே கை போட வேண்டாம்.

ஆறாம் நாள்: உகந்தைமலையும் குமணவும்

விடியுமுன் ஜீப். பாணமை வழியாகத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் உகந்தைமலை. முருகன் கல் ஓடத்தில் வந்து இறங்கிய இடம் என்பது நம்பிக்கை. வள்ளியம்மன் மலையில் பாறைச் சுனைகள், மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காடு. வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிற பாதயாத்திரைக்காரர்கள் இங்கேதான் காட்டுக்குள் இறங்குவார்கள். ஆடி உற்சவத்தை ஒட்டி அந்த வழியைத் திறப்பார்கள். வேனில் போகிற கதிர்காமத்தை அலுத்துக்கொண்ட மகன் "நடந்தும் போகலாமா?" என்று கேட்டது இங்கேதான்.

கோவிலுக்குப் பக்கத்திலேயே குமண தேசியப் பூங்காவின் வாசல். 2006 வரை யால கிழக்கு என்று பெயர். சிறுத்தையை எதிர்பார்த்துப் போய் முகம் தொங்காதீர்கள், இது பறவைக் காடு. கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன் என்று வில்லுக் குளம் நிறைந்திருக்கும். கூடு கட்டும் பருவம் ஆகஸ்டுக்குள் ஏறக்குறைய முடிந்துவிடும், ஆனாலும் பறவைக்குக் குறைவில்லை. அலைபேசிக்குச் சிக்னல் கிடையாது, தண்ணீர் நிறைய எடுங்கள்.

திரும்பும் வழியில் குடும்பிகல. தவசிகள் வாழ்கிற குகைகள், உச்சியில் உருளை வடிவத் தாதுகோபுரம். பாறை சுடும், வெறுங்காலோடு ஏற வேண்டும், அதனால் நடுப்பகலில் வேண்டாம். நாங்கள் நடுப்பகலில்தான் ஏறினோம்.

ஏழாம் நாள்

வந்த வழியே வெல்லவாய, அங்கிருந்து இராவணா அருவி வழியாக எல்ல. ஒன்பது வளைவுப் பாலத்தை எட்டிப் பார்க்கலாம், 1921இல் இரும்பில்லாமல் கட்டியது. கூட்டம் பிடிக்காதென்றால் விட்டுவிடுங்கள், தெமோதரையில் ரயில்பாதை தன்னைத்தானே சுற்றித் தன் கீழேயே போகிற வளையம் அதைவிடச் சுவாரசியம். வேனை எல்லவில் அனுப்பிவிட்டு ரயில் ஏறினோம். கடல் மணல் நிறைந்த பையை மேல் தட்டில் வைத்தாலும் குடையை மட்டும் கையில் வைத்திருங்கள், பட்டிப்பொல சுரங்கத்தைத் தாண்டியதும் தேவைப்படும்.